யோவி உண்டா? ஆஸ்திரேலியக் காட்டு மனிதனைப் பற்றி மூன்று கேள்விகள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

சென்ற பருவத்தில் எங்கள் துறையின் விலங்கியல் மன்றக் கூட்டத்தில் பேசுமாறு பேராசிரியர் என்னைப் பணித்தார். எனக்கு மேடைப் பழக்கம் இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். எதைப் பற்றிப் பேசினால் பின்வரிசை நண்பர்களும் காது கொடுப்பார்கள் என்று இரண்டு நாள் யோசித்து, ஆஸ்திரேலியாவின் காட்டு மனிதன் எனப்படும் 'யோவி'யைத் தேர்ந்தெடுத்தேன். எதிர்பார்த்ததற்கு மேலாகவே மன்றம் அமைதியாகக் கேட்டது.

பேச்சு முடிந்ததும் மூன்று கேள்விகள் வந்தன. "யோவி இருப்பதற்குச் சான்று என்ன?" என்று முதல் வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டார். "அது எந்தக் காட்டில், எதைத் தின்று வாழும்?" என்று பேராசிரியர் கேட்டார். "அதெல்லாம் இருக்கட்டும், அது எதிரே வந்துவிட்டால் நாங்கள் என்ன செய்வது?" என்று கடைசி வரிசை நண்பர் ஒருவர் கேட்க, அரங்கமே சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்துவிட்டு இறங்கினேன்.

ஆனால் அந்த மூன்றாம் கேள்வி சிரித்துத் தள்ளக்கூடியது அன்று என்பது விடுதி அறைக்குத் திரும்பிய பின்புதான் எனக்கு உறைத்தது. அதன் காரணத்தைக் கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன். அன்று மேடையில் நான் சரிவரச் சொல்லாத விடைகளையே இங்கு எழுத முற்படுகிறேன்.

யோவி என்பது யாது?

ஆஸ்திரேலியாவில் ஊரும் வயலும் முடிந்து காடும் புதரும் தொடங்கும் நிலத்தைப் 'புஷ்' என்பார்கள். அங்கே வாழ்வதாகச் சொல்லப்படும், உடலெங்கும் மயிர் அடர்ந்த, இரு கால்களால் நடக்கும், வாலில்லாக் குரங்கை ஒத்த உருவமே யோவி. இமயமலைக்கு எட்டி, வட அமெரிக்காவுக்குப் பிக்ஃபுட் என்பது போல ஆஸ்திரேலியாவுக்கு யோவி எனலாம். நாட்டின் கிழக்குக் கரையை ஒட்டி, குவீன்ஸ்லாந்திலிருந்து விக்டோரியா வரை 3,500 கிலோமீட்டருக்கு நீளும் பெரும் பிரிப்பு மலைத்தொடரே அதன் இருப்பிடம் என்பர்.

இக்கதையின் வேர் அந்நாட்டுப் பழங்குடி மக்களிடம் இருக்கிறது. அவர்கள் குறைந்தது 50,000 ஆண்டுகளாக அம்மண்ணில் வாழ்பவர்கள். ஐரோப்பியர் வந்தபோது அவர்களிடையே 250க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கின. ஆகவே அவர்கள் கதைகளும் பலவாகும். நியூ சவுத் வேல்ஸின் தென் கடற்கரைப் பகுதியில் 'டூலகல்' என்னும் மயிர் மனிதனைப் பற்றிச் சொல்வார்கள். வடகோடியில், கேப் யார்க் தீபகற்பத்தில் லாரா என்னும் ஊரை அடுத்த பாறைகளில் 'குவின்கன்' எனப்படும் ஆவிகளின் உருவங்கள் தீட்டப்பட்டுள்ளன. இவையெல்லாம் ஒரே விலங்கைக் குறிப்பவை என்று பின்னாளில் வந்தவர்கள்தாம் சேர்த்துக் கட்டினார்கள். அம்மக்களுக்கோ இவை இடத்தோடும் ஒழுக்கத்தோடும் பிணைந்தவை. இருட்டிய பின் குழந்தைகள் தனியே திரியாமல் இருக்கவும், போகக்கூடாத இடத்துக்குப் போகாமல் இருக்கவும் இக்கதைகள் உதவின. இதை மூட நம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது சரியன்று. விலங்கியல் குறிப்பாக எடுத்துக்கொள்வதும் சரியன்று.

கண்டதாகச் சொன்னவர்கள்

வெள்ளையர் எழுதிய பழைய குறிப்புகளில் ஒன்று 1842ஆம் ஆண்டு ஒரு மாத இதழில் வந்தது. அதில் இவ்வுருவத்துக்கு 'யாஹூ' என்று பெயர். மனிதனை ஒத்த உயரம், நீண்ட வெண்மயிர், மிக நீண்ட கைகள், கூரிய நகங்கள் என்று அது வருணிக்கிறது. இவற்றைவிடச் சுவையான செய்தி ஒன்றும் உண்டு. அதன் பாதங்கள் பின்னோக்கித் திரும்பியிருக்குமாம். ஆதலால் அது ஓடிய திசைக்கு நேர் எதிராகத் தடம் தெரியுமாம். தேடிப் போனவனுக்கு ஒருநாளும் அகப்படாத விலங்குக்கு இதைவிடப் பொருத்தமான பாதம் வேறு என்ன இருக்க முடியும்?

1882ஆம் ஆண்டு ஹென்றி ஜேம்ஸ் மக்கூயி என்பவர் சிட்னி வார இதழ் ஒன்றுக்கு ஒரு கடிதம் எழுதினார். பேட்மன்ஸ் பே, உல்லாடல்லா என்னும் கடற்கரை ஊர்களுக்கு இடையே ஒரு வாலில்லாக் குரங்கைத் தாம் கண்டதாக அதில் கூறினார். நிமிர்ந்து நின்றால் ஏறக்குறைய 5 அடி இருக்கும். உடல் முழுதும் நீண்ட கருமயிர். தொண்டையிலும் மார்பிலும் அழுக்குச் சிவப்பு. சிறிய, அலைபாயும் கண்கள். அவர் ஒரு கல்லை எறிந்ததும் அது ஓடிவிட்டதாம். 40 பவுன் கொடுத்தால் சிட்னி அருங்காட்சியகத்துக்கு ஒன்றைப் பிடித்துத் தருவதாகவும் அவர் சொன்னார். அருங்காட்சியகத்தில் இன்றுவரை அப்படி ஒரு விலங்கு வைக்கப்படவில்லை.

'யோவி' என்ற பெயர் பரவலானது 1970களில்தான். நீலமலைப் பகுதியைச் சேர்ந்த ரெக்ஸ் கில்ராய் என்பவர் இதைத் தேடுவதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்டு, கண்டவர்களின் வாக்குமூலங்களைத் திரட்டி, செய்தித்தாள்கள் வாயிலாகப் பரப்பினார். பின்னாளில் ஆஸ்திரேலிய மேலவை உறுப்பினரான பில் ஓசீ, 1977ஆம் ஆண்டு பள்ளி மாணவராக ஸ்பிரிங்புரூக் மலையில் முகாமிட்டிருந்தபோது மயிரடர்ந்த பெரிய உருவம் ஒன்றைத் தோழர்களுடன் கண்டதாகச் சொன்னார். 1979 டிசம்பரில் குவீன்ஸ்லாந்தின் கில்காய் ஊருக்கு அருகே இரண்டு பள்ளி மாணவர்கள் கண்டதாகச் சொன்னார்கள். அந்த ஊரில் இன்று யோவிக்கு ஒரு சிலையும் யோவி பெயரில் ஒரு பூங்காவும் இருக்கின்றன. விலங்கு கிடைக்கவில்லையே தவிர, சிலை கிடைத்துவிட்டது.

இவர்கள் எல்லாரும் பொய்யர்களா? அப்படிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. கண்டேன் என்று ஒருவர் சொல்வது ஒன்று. கண்டது இன்னதுதான் என்று நிறுவுவது வேறொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள தொலைவைக் கடக்க உதவுவதே சான்று.

முதற் கேள்வி: சான்று என்ன?

விஞ்ஞானிகள் புதியதை நம்ப மறுக்கும் பிடிவாதக்காரர்கள் என்று சிலர் குறை கூறுவர். இதற்கு ஆஸ்திரேலியாவிலிருந்தே விடை உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கிருந்து இங்கிலாந்துக்கு ஒரு தோல் வந்து சேர்ந்தது. வாத்தின் அலகு, நீர்நாயின் மயிர், சவ்வுடைய பாதங்கள்! அதை ஆராய்ந்த ஜார்ஜ் ஷா, யாரோ இரண்டு விலங்குகளை ஒட்டித் தைத்து ஏமாற்றுகிறார்களோ என்று ஐயுற்றார். ஆயினும் 1799இல் அதைப் பதிவு செய்தார். அதுவே நாம் பாடத்தில் படிக்கும் பிளாட்டிபஸ். அது முட்டையிடுவது 1884இல் வில்லியம் கால்டுவெல் என்பவரால் உறுதி செய்யப்பட்டது. பழங்குடி மக்கள் சிலர் அதற்கு வெகு காலம் முன்பே அதைச் சொல்லியிருந்தார்கள்.

யோவியைவிட நம்பமுடியாத உருவம் பிளாட்டிபஸ். எனினும் அதை உலகம் ஏற்றது. ஏன்? தோல் வந்தது, பின் எலும்பு வந்தது, பின் உயிருள்ள விலங்கே வந்தது. ஆப்பிரிக்காவின் கொரில்லாவும் அவ்வாறே. 1847இல் மண்டையோடுகளை வைத்துத்தான் அதை முதலில் விஞ்ஞான முறையில் விவரித்தார்கள்.

யோவிக்கோ ஒரு பல் கூட இல்லை. இதன் பொருளை உணர இன்னோர் ஒப்பீடு உதவும். யோவி என்பது 'ஜைகாண்டோபித்தேகஸ்' என்னும் பேருருவக் குரங்கின் வழித்தோன்றலாக இருக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. அந்தக் குரங்கு உண்மையாகவே வாழ்ந்தது, தென் சீனப் பகுதியில். 1935இல் வான் கோனிக்ஸ்வால்டு என்னும் அறிஞர் ஹாங்காங்கில் ஒரு மருந்துக்கடையில் விற்பனைக்கு இருந்த பல்லைக் கொண்டு அதை அடையாளம் கண்டார். பின்னர் நான்கு தாடை எலும்புகளும் ஏறத்தாழ 2,000 பற்களும் கிடைத்தன. அது அழிந்து 2 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அத்தனை காலத்துக்கு முன் மறைந்த விலங்கு இத்தனை பற்களை விட்டுச் சென்றிருக்க, இன்றும் வாழ்வதாகச் சொல்லப்படும் விலங்கு ஒன்றையும் விடாதது ஏன்?

காலடித் தடங்கள் இருக்கின்றனவே எனலாம். தடத்தைச் செய்யவும் முடியும். அமெரிக்காவில் பிக்ஃபுட் என்ற பெயரே 1958இல் கலிபோர்னியாவின் பிளஃப் கிரீக் என்னுமிடத்தில் கண்ட பெருந்தடங்களால் புகழ் பெற்றது. அவ்விடத்தில் சாலைப் பணி எடுத்திருந்த ரே வாலஸ் என்பவர் 2002இல் காலமானதும், மரத்தில் செதுக்கிய பாதங்களால் அவர் விளையாட்டாகப் பதித்தவை அவை என்று அவர் குடும்பத்தார் வெளியிட்டனர். செய்யாத தடமும் ஏமாற்றும். ஈர மண்ணில் பதிந்த தடம் மழையாலும் வெயிலாலும் விரிந்து பெரிதாகிவிடும்.

மயிரும் எலும்பும் கிடைத்தால் இக்காலத்தில் டி.என்.ஏ. சோதனை செய்யலாம். எட்டியுடையவை என்று பாதுகாக்கப்பட்டு வந்த எலும்பு, பல், தோல், மயிர் முதலான 9 மாதிரிகளை சார்லட் லிண்ட்க்விஸ்ட் என்னும் ஆய்வாளரின் குழு சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டது. எட்டு மாதிரிகள் கரடியுடையவை, ஒன்று நாயுடையது. எட்டி அகப்படவில்லை, ஆனால் இமயக் கரடிகளின் மரபு வழி பற்றி நல்ல செய்திகள் கிடைத்தன. ஆகவே இத்தகைய தேடலை வீண் என்றும் சொல்வதற்கில்லை.

இரண்டாம் கேள்வி: வாழிடம் எது?

முதலில் ஒரு விலங்கு ஓரிடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்கவேண்டும். ஆஸ்திரேலியா சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்டிக்காவிலிருந்து பிரிந்து தனித்த கண்டமாயிற்று. வாலில்லாக் குரங்குகளின் மிகப் பழைய புதைபடிவங்களோ ஏறத்தாழ 2.5 கோடி ஆண்டுகள் பழமையானவை; அவையும் ஆப்பிரிக்காவில் கிடைத்தவை. அவை தோன்றுமுன்பே ஆஸ்திரேலியாவைக் கடல் சூழ்ந்துவிட்டது. ஆசிய விலங்குகளும் ஆஸ்திரேலிய விலங்குகளும் பிரியும் எல்லையை ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே சுட்டிக்காட்டினார். அந்தக் கோட்டைத் தாண்டிச் சில தீவுகளில் குரங்குகள் இருப்பினும், அவை தாமாக ஆஸ்திரேலியாவை எட்டவே இல்லை. அங்கே இயற்கையாக வாழ்பவை முட்டையிடும் பாலூட்டிகள், கங்காரு போன்ற பைப்பாலூட்டிகள், வௌவால்கள், எலிகள். டிங்கோ நாயும் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதரோடு வந்ததே. அம்மண்ணில் கிடைத்த குரங்கின புதைபடிவம் மனிதனுடையது மட்டுமே.

அடுத்தது உணவு. இதை எனக்குப் புரிய வைத்தவர் என் தந்தை. அவர் பள்ளிக்கூடம் போனவர் அல்லர். சத்தியமங்கலம் மலையடிவாரத்தில் ஆடு மேய்ப்பவர். பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது மன்றத்தில் பேசியதை அவரிடம் சொன்னேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "அந்தக் காட்டுல என்ன மரங் கண்ணு?" என்றார்.

"தைல மரந்தானுங்கப்பா. நம்மூருத் தைல மரமே அங்கிருந்து வந்ததுதான்" என்றேன். நீலகிரியில் யூக்கலிப்டஸ் மரம் 1843இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டது.

"ஆடே வாய் வெக்காத தழையாச்சே. அத்தனை பெரிய ஒடம்பு எதைத் தின்னு நிக்கும்? தின்னா சாணி போடோணுமல்ல? அதைப் பாத்தாங்களாமா?"

நான் வாயடைத்துப் போனேன். பேராசிரியரின் கேள்வியும் அதுதான். கொரில்லா ஆண் நாளொன்றுக்கு 18 கிலோ அளவுக்கும் தழை உண்ணும். ஆனால் அது வாழ்வது வளமான ஆப்பிரிக்க மழைக்காட்டில். யூக்கலிப்டஸ் இலையிலோ சத்துக் குறைவு, நார் அதிகம், நஞ்சும் உண்டு. அதை மட்டுமே உண்டு வாழும் கோவாலாவுக்கு அதற்கென்றே 2 மீட்டர் அளவு நீண்ட குடல்வால் பகுதி அமைந்திருக்கிறது. ஒரு நாளில் ஏறக்குறைய 20 மணி நேரம் உறங்கிச் சக்தியை மிச்சம் பிடிக்கிறது. 10 கிலோ கோவாலாவுக்கே இந்தப் பாடு என்றால், 200 கிலோ உருவத்தின் பாடு என்ன? அது பழமோ கிழங்கோ ஊனோ தின்கிறது என்றாலும், கடித்துப் போட்ட மிச்சமும், கிளறிய மண்ணும், எச்சமும் இருந்தாக வேண்டும்.

மூன்றாவது, எண்ணிக்கை. ஒரே ஒரு யோவி நூற்றாண்டுகள் வாழ முடியாது. குடும்பங்கள் வேண்டும். நெருங்கிய இரத்த உறவில் இனப்பெருக்கம் நிகழ்ந்து இனம் நலியாமல் இருக்கக் குறுகிய காலத்துக்கே குறைந்தது 50 விலங்குகளாவது இனப்பெருக்கத்தில் பங்குகொள்ள வேண்டும் என்று 1980இல் ஆஸ்திரேலிய மரபியலறிஞர் ஐயன் ஃப்ராங்க்ளின் எழுதினார். நெடுங்காலத்துக்கு 500 வேண்டும் என்றார். நூற்றுக்கணக்கான பெரிய விலங்குகள், ஒன்றுகூடச் சாலையில் அடிபடாமல், ஒன்றுகூடக் கானகத் தானியங்கிக் கேமராவில் சிக்காமல் வாழ்வது எங்ஙனம்?

ஆஸ்திரேலியக் காடு எதையும் மறைக்காது என்று நான் சொல்லவில்லை. 1994இல் டேவிட் நோபிள் என்னும் பூங்கா அலுவலர், சிட்னிக்கு வடமேற்கே 200 கிலோமீட்டருக்கும் உட்பட்ட தொலைவில் ஓர் ஆழ்ந்த பள்ளத்தாக்கில் இறங்கியபோது, அதுவரை உலகம் அறியாத மரத்தைக் கண்டார். வாலெமி பைன் எனப்படும் அது 40 மீட்டர் வரை வளரும். இயற்கையில் நூற்றுக்கும் குறைவான முதிர்ந்த மரங்களே உள்ளன. பெரு நகரின் அருகிலேயே அது மறைந்திருந்தது உண்மை. ஆயினும் மரம் ஓரிடத்தில் நிற்பது, விலங்கோ நடப்பது. மேலும் நோபிள் தாம் கண்டதற்குச் சான்றாக ஒரு கிளையைக் கையோடு கொண்டுவந்தார்.

பின்பு 2019-20இல் அந்தப் பெருந்தீ வந்தது. நீலமலை உலகப் பாரம்பரியப் பகுதியின் ஏறத்தாழ 80 விழுக்காடு தீயில் சிக்கியது. நாடெங்கும் 300 கோடி விலங்குகள் இறந்தோ இடம் பெயர்ந்தோ போயிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். கங்காரு, கோவாலா, வாலபி என்று எத்தனையோ விலங்குகள் சாலைக்கு வந்தன, வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டு நின்றன, கருகிக் கிடந்தன. மறைந்திருந்த எல்லாவற்றையும் வெளியே விரட்டிய அத்தீ ஒரு யோவியையும் வெளியே கொண்டுவரவில்லை. எனக்கு இதைவிட வலிய வாதம் தெரியவில்லை.

அப்படியானால் எதைக் கண்டார்கள்?

அந்தி நேரத்தில் நிமிர்ந்து நிற்கும் ஆண் கங்காரு ஓர் ஆள் உயரம் இருக்கும். எரிந்து கருத்த அடிமரம் மங்கிய ஒளியில் மனிதனாகத் தெரியும். ஆண் கோவாலா இரவில் உறுமும் ஓசை அதன் உடலுக்குச் சற்றும் பொருந்தாத பேரோசை. ஒரு வகை ஆந்தை பெண் அலறுவது போலவே கத்தும். வாம்பட் என்னும் விலங்கு புதரை உடைத்துக்கொண்டு ஓடினால் ஓர் ஆளே ஓடுவது போலிருக்கும். இருட்டு, தனிமை, முன்பே கேட்ட கதை, இம்மூன்றும் சேர்ந்தால் கண் பாதி காண, மனம் மீதியை நிரப்பிக்கொள்ளும். இது படித்தவருக்கும் நேரும், படிக்காதவருக்கும் நேரும்.

மூன்றாம் கேள்வி: எதிரே வந்தால் என்ன செய்வது?

யோவியால் ஒருவர் இறந்ததாகவோ காயமுற்றதாகவோ உறுதிப்பட்ட செய்தி ஒன்றும் இல்லை. ஆனால் யோவியைத் தேடிப் போவோர் நுழையும் அதே காட்டில் உண்மையான ஆபத்துகள் உண்டு. முதலாவது வழி தவறுதல். அதைத் தொடர்ந்து நீர் இன்மை, வெப்பம், குளிர், பள்ளத்தில் விழுதல். அடுத்தது தீ. மேலே சொன்ன 2019-20 தீயில் 33 பேர் நேரடியாக உயிரிழந்தனர். யூக்கலிப்டஸ் மரங்களின் பெரிய கிளைகள் எதிர்பாராமல் முறிந்து விழும் என்பதால் அவற்றின் கீழ் கூடாரம் அடிப்பதில்லை. நச்சுப் பாம்புகள் பல இருந்தும், நல்ல மருத்துவ வசதியால் ஆண்டுக்குச் சராசரி இரண்டு பேர் அளவிலேயே பாம்புக்கடியால் இறக்கின்றனர். சிட்னிப் பகுதியின் கொடிய புனல்வலைச் சிலந்திக்கு 1981இல் நச்சு முறிவு மருந்து வந்தபின் அதன் கடியால் உறுதியான மரணம் இல்லை.

ஆகவே அக்காட்டுக்குள் போகிறவர் செய்ய வேண்டியவை எளியவை. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டும். தேவைக்கு மேல் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். தீ அபாய அறிவிப்புள்ள நாளில் போகக்கூடாது. வழி தவறினால் அலையாமல் ஓரிடத்தில் இருக்கவேண்டும். உதவிக்கு அந்நாட்டில் 000 என்ற எண்ணை அழைக்கவேண்டும். இருட்டில் அசையும் உருவத்தைக் கண்டு கல்லெறிவதோ துப்பாக்கியால் சுடுவதோ கூடவே கூடாது. இரண்டு காலில் நடந்து வருவது பெரும்பாலும் மனிதனாகத்தான் இருக்கும்.

முடிவுரை

இறுதியில் சொல்வதாகக் கூறிய காரணத்துக்கு வருகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது எங்கள் பட்டியில் ஓர் ஆடு ஒரே இரவில் காணாமற் போயிற்று. அதற்குச் சில நாள் முன்பு, அந்தி மயங்கும் நேரத்தில் ஓடைக்கரையில் நெடிய கரிய உருவம் ஒன்றைக் கண்டதாக ஊரில் இருவர் சொல்லியிருந்தனர். ஆகவே "முனி அடித்துவிட்டது" என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். ஒரு சேவலைக் காவு கொடுத்தால் போதும் என்றனர். அப்பா மறுக்கவில்லை. சேவலையும் கொடுத்தார். ஆனால் அதற்கு முன் விடியற்காலையில் பட்டியைச் சுற்றி வந்தார். வேலி முள்ளில் ஒட்டியிருந்த மயிரைப் பார்த்தார். புல்லில் இழுத்துச் சென்ற தடத்தின் மேலேயே நடந்தார். ஓடை மணலில் நகம் பதியாத வட்டக் கால்தடத்தைக் கண்டார். பாறைச் சந்தில் ஆட்டின் மிச்சம் கிடந்தது. சிறுத்தை!

அந்நாளில் நான் பட்டியின் ஓரத்தில் திறந்த வெளியில் கயிற்றுக் கட்டிலில் படுப்பது வழக்கம். முனிக்குப் பயந்து யாரும் கட்டிலை நகர்த்தச் சொல்லவில்லை, காவு கொடுத்தாயிற்றே. அன்று மாலையே அப்பா முள் படலை ஆள் உயரத்துக்கு உயர்த்தினார். பட்டியின் மேலும் முள்ளைப் பரப்பினார். என்னை வீட்டுக்குள் படுக்கச் சொன்னார். பத்து நாள் கழித்து ஒரு காலையில் பட்டியைச் சுற்றி மீண்டும் அந்தத் தடம் இருந்தது. ஆடு ஒன்றும் போகவில்லை. என் கட்டில் கிடந்த இடத்தின் மேலாகவே அந்தத் தடம் போயிருந்தது.

"அப்படின்னா அவங்க ரெண்டு பேரும் பொய் சொன்னாங்களாப்பா?" என்று கேட்டேன்.

"பாத்தது பாத்ததுதான் கண்ணு. என்னத்தைப் பாத்தோம்கிறதுதான் தெரியோணும்" என்றார்.

கல்லூரிக்கு வந்த புதிதில் ஊர்க் கதைகளைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் வீட்டில் அறிவு என்னோடுதான் தொடங்குகிறது என்ற எண்ணமும் இருந்தது. யோவியைப் பற்றிப் படிக்கப் போய், நான் வகுப்பறையில் கற்கும் முறையை என் தந்தை ஓடை மணலில் முன்பே கைக்கொண்டிருந்தார் என்று அறிந்தேன். அவருக்கு அதன் பெயர் தெரியாது, அவ்வளவே.

ஆகவே கடைசி வரிசை நண்பருக்கு என் விடை இது: எதிரே வந்தது எதுவென்று முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஆபத்துக்குத் தவறான பெயரைச் சூட்டினால், காவலையும் தவறான இடத்தில்தான் போடுவோம். நாளை எவரேனும் யோவியின் ஒரே ஒரு பல்லைக் கொண்டுவந்தால், இக்கட்டுரையின் பெரும் பகுதியை நானே மகிழ்வோடு திருத்தி எழுதுவேன். அதுவரை யோவி கதைகளில் வாழட்டும். காட்டுக்குப் போகிறவர்கள் தண்ணீரும் எச்சரிக்கையும் கொண்டு போகட்டும்.